பினாங்கின் மறைந்த குடிகள் – 9: நாகூர் சாலையின் ஜெபாலயமும் பெயரில்லாத முகங்களும்

ஜார்ஜ் டவுன் நாகூர் சாலையில் 28ஆம் எண் கட்டடம் 1929 முதல் 1976 வரை யூதர்களின் ஜெபாலயமாக இருந்தது. பினாங்கில் யூதர்களுக்கென்று இருந்த ஒரே வழிபாட்டு இடம் அது. கூட்டு வழிபாடு நடத்தக் குறைந்தது பத்து வயதுவந்த ஆண்கள் கூட வேண்டும் என்பது யூத நெறி. பதின்மூன்று வயது நிறைந்தவன் அந்தக் கணக்கில் சேர்வான். அந்தப் பத்துப் பேரும் தேறாத நிலை வந்தபோது கட்டடம் மூடப்பட்டது. பின்னாளில் அங்கே ஒரு புகைப்பட நிலையம் குடியேறியது. இடத்தின் வரலாறு தெரிந்த அதன் உரிமையாளர் முகப்பின் அலங்காரங்களை மாற்றாமல் காக்க முன்வந்தார். பினாங்கு யூதர்களின் நினைவைப் புகைப்படத்தில் தேடுவோருக்கு இது விந்தையான தற்செயல். கட்டடம் படக்கடையானது, அதில் வழிபட்டவர்களின் படங்களோ ஊரில் தங்கவில்லை.

இந்தச் சமூகம் பெரும்பாலும் பாக்தாதி யூதர்களால் ஆனது. பாக்தாத், பஸ்ரா, அலெப்போ போன்ற ஊர்களிலிருந்து கிழக்கே வணிகம் தேடி வந்த அரபு பேசும் யூதர்களை அந்தப் பெயரால் குறிப்பது வழக்கம். பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஷாங்காய் என்று பிரிட்டிஷ் கப்பல் தடத்தை ஒட்டியே இவர்களின் குடியிருப்புகள் அமைந்தன. அபின், துணி, அவுரி, நறுமணப் பொருள் ஆகியவை சரக்கு. அலெப்போவைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் 1798இல் கல்கத்தாவில் கால் பதித்ததை அந்நகர யூதர்கள் தங்கள் வரலாற்றின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். பினாங்கு இந்தத் தொடரில் ஓர் இடைத்தங்கல். வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் சிங்கப்பூருக்கோ ரங்கூனுக்கோ நகர்ந்தார்கள், நிலைத்தவர்கள் சிலரே.

எண்ணிக்கையே இந்த அலைவைக் காட்டும். 1881இல் பினாங்கில் 32 யூதர்கள் கணக்கிடப்பட்டார்கள். 1891இல் அது 155 ஆகவும் 1899இல் 172 ஆகவும் ஏறியது. இரண்டே ஆண்டு கழித்து, 1901இல், 45. அவ்வளவு பேர் அதற்குள் எங்கே போனார்கள் என்று கேட்பதைவிட, யாரை எந்த அதிகாரி எந்தக் கட்டத்தில் எழுதினார் என்று கேட்பது பயன் தரும். காலனியக் கணக்கெடுப்பில் பாக்தாதி யூதர் ஒருவர் அரபியர் என்றும் பதியப்படலாம், யூதர் என்றும் பதியப்படலாம்.

பெயர் தெரிந்த முதல் பாக்தாதிக் குடியேறியாகச் சொல்லப்படுபவர் எசக்கியேல் ஆரோன் மனாசே. 1895இல் பாக்தாதிலிருந்து வந்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு மற்றவர்கள் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மலாயாவில் சமய நெறி வழுவாமல் வாழ்ந்த ஒரே யூதர் தாமே என்று அவர் கூறிக்கொண்டார். மேலே உள்ள எண்களோடு இந்தக் கூற்று ஒட்டவில்லை. எண்ணிக்கையில் இருந்தவர்கள் நெறியில் இல்லை என்று அவர் கருதியிருக்கலாம். அல்லது தனிமையைச் சற்றுக் கூட்டிச் சொல்வதும் முதியவர்களின் இயல்புதான்.

சமூகத்தின் முழுமையான ஆவணம் என்று இன்று ஊரில் எஞ்சியிருப்பது இடுகாடு ஒன்றே. பர்மா சாலையையும் மெக்காலிஸ்டர் சாலையையும் இணைக்கும் சிறிய ஜாலான் ஜைனல் அபிடினில், கடைகளை ஒட்டி, நீண்டு ஒடுங்கிய ஒரு நிலம். பரப்பு சுமார் 38,000 சதுர அடி. ஏறத்தாழ 107 கல்லறைகள். மிகப் பழைய கல் 1835ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதியைக் காட்டுகிறது. ஷோஷான் லேவி என்ற பெண்மணிக்கு உரியது. இடுகாட்டு நிலத்தைக் கொடையாகத் தந்த ஆங்கிலேய யூதப் பெண்மணி அவர்தான் என்று நம்பப்படுகிறது. இடத்தை நிர்வகிக்க 1885இல் ஓர் அறங்காவலர் குழு அமைந்தது. முன்பு புல்வெளியாக இருந்த நிலத்தின் பெரும்பகுதி பிறகு சிமென்ட் பூசப்பட்டுவிட்டது.

கல்லறைகள் பல, முக்கோணக் கூரை போட்ட பேழை வடிவத்தில் உள்ளன. கோஹன் மரபினரின் கல்லறைகள் மட்டும் வடகிழக்கு மூலையில் தனியே இருக்கின்றன. கோஹன்கள் பழைய ஆசாரியர் வழியினர். பிணத்தின் அருகிலும் கல்லறைகளின் நடுவிலும் அவர்கள் செல்லலாகாது என்பது நெறி. ஓரத்தில் அடக்கம் செய்தால் உறவினர் மற்றக் கல்லறைகளைக் கடக்காமல் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அந்த மூலையில் எலியாஹோ ஹயீம் விக்டர் கோஹன் என்ற லெஃப்டினென்ட் இருக்கிறார். பிரிட்டிஷ் இந்தியப் படையின் 9ஆம் ஜாட் ரெஜிமென்டைச் சேர்ந்தவர். 1941 அக்டோபர் 10 அன்று விபத்தில் இறந்தார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்த இடுகாட்டில் பராமரிக்கும் ஒரே கல்லறை அவருடையது.

இடுகாட்டைப் படம்பிடித்துப் பதிவுசெய்வது தனி வேலை. பினாங்கின் மழையும் வெயிலும் கல்லெழுத்தை ஆண்டுக்கு ஆண்டு மழுக்குகின்றன, பாசி படிகிறது. நேர் வெளிச்சத்தில் எடுத்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் கல்லின் மேல் சாய்ந்து விழும்போது, அல்லது கண்ணாடி கொண்டு பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சும்போது, குழியெல்லாம் நிழல் பிடித்து எழுத்து எழுந்து நிற்கும். கல்லைத் துடைக்கத் தூய நீரும் மென்மையான தூரிகையும் போதும். சுண்ணாம்பு பூசுவதும் அமிலம் ஊற்றுவதும் கல்லைக் கொல்லும்.

எழுத்து தெரிந்த பிறகு ஆண்டைப் படிக்க வேண்டும். எபிரேயத்தில் எழுத்துகளுக்கே எண் மதிப்பு உண்டு. ஆயிரத்தை விட்டுவிட்டு எஞ்சிய மூன்று இலக்கத்தை மட்டும் பொறிப்பது வழக்கம். யூத ஆண்டு 5595ஐ எழுத 400, 100, 90, 5 என்ற மதிப்புள்ள நான்கு எழுத்துகள் போதும். அந்த 595உடன் 1240ஐக் கூட்டினால் 1835 கிடைக்கும். யூதப் புத்தாண்டு செப்டம்பரிலோ அக்டோபரிலோ பிறப்பதால், அதற்கும் டிசம்பர் முடிவுக்கும் இடையே இறந்தவர்களுக்கு ஓர் ஆண்டு குறைக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைத் தவறவிட்ட பட்டியல்கள் உலகெங்கும் உண்டு. படம் கூடவே இருந்தால் பின்னால் வருபவர் திருத்தலாம். பட்டியல் மட்டும் இருந்தால் பிழை நிலைத்துவிடும்.

பினாங்கு இடுகாட்டையும் சமூகத்தையும் முறையாக ஆராய்ந்தவர் ராய்மி செ-ரோஸ். 2002இல் நடந்த ‘பினாங்கு ஸ்டோரி’ மாநாட்டில் அவர் அளித்த கட்டுரை, 1830களிலிருந்து 1970கள் வரையிலான யூத வாழ்வை இந்தக் கற்களை வைத்தே விவரித்தது. அதற்குப் பின் எழுதியவர்கள் யாவரும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கட்டுரைக்குக் கடன்பட்டவர்கள்.

ஆனால் கல்லில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. முகங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

அவை ஊரைவிட்டுப் பிரிந்ததற்குப் போர்தான் முதல் காரணம். 1941இல் பினாங்கில் எஞ்சியிருந்த யூதர்கள் 30 பேர். டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன; பெரும் உயிர்ச்சேதம். யூதக் குடும்பங்கள் சிங்கப்பூருக்கு வெளியேற்றப்பட்டன. அங்கும் நிம்மதி இல்லை. சிங்கப்பூர் விழுந்த பிறகு யூதர்கள் கண்காணிப்புக்கு உள்ளானார்கள். 1943இல் ஆண்கள் பலர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சைம் ரோடு முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். அவசரத்தில் ஊரைவிட்டுப் போகிறவர் கையில் கொள்வது சிறு மூட்டை. அதில் ஆல்பத்துக்கு இடம் கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம். முகாமுக்குள் கைதிகள் படம் எடுத்துக்கொள்ளும் நிலையும் இல்லை. ஆகவே இந்தச் சமூகத்தின் மிகக் கடினமான மூன்றரை ஆண்டுகள் படமில்லாத ஆண்டுகள்.

போர் முடிந்ததும் சிலர் திரும்பினார்கள். பலர் சிங்கப்பூரிலேயே தங்கினார்கள், அல்லது ஆஸ்திரேலியா, இஸ்ரேல், அமெரிக்கா என்று புறப்பட்டார்கள். 1963இல் பினாங்கில் சுமார் 20 குடும்பங்கள். கலப்பு மணம் செய்து வேறு சமயம் தழுவியவர்களும் உண்டு. இதை ஐரோப்பிய யூதர்களுக்கு நேர்ந்த படுகொலையோடு ஒப்பிட்டு எழுதுவது தவறு. பினாங்கு யூதர்களை யாரும் கூட்டமாகக் கொல்லவில்லை, அவர்கள் கலைந்தார்கள். கலைந்த சமூகத்தின் நினைவைத் தொகுப்பது வேறு விதமான சிக்கல். படங்கள் அழியாமல் சிட்னியிலும் லண்டனிலும் டெல் அவிவிலும் பேரப் பிள்ளைகளின் அலமாரிகளில் இருக்கும். ஆனால் அதில் நிற்பவர் யார், பின்னால் தெரியும் தெரு எது என்று சொல்ல ஆள் இருக்காது.

பழைய பினாங்குப் படங்களின் பொதுத் தொகுப்பும் இதற்கு அதிகம் உதவாது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் பினாங்கில் சில மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். டென்மார்க்கின் கிறிஸ்டன் ஃபெயில்பெர்க் 1860களிலும், ஜெர்மானியரான கௌல்ஃபுஸ் அந்த நூற்றாண்டின் இறுதியிலும் இங்கே தொழில் செய்தார்கள். இவர்களுக்கு மனிதர் என்றால் வகைமாதிரி. மலாய்க்காரர், சீனர், ‘கிளிங்’ (தென்னிந்தியர்) என்று படத்தின் கீழே இனம் இருக்கும், பெயர் இருக்காது. 1900க்குப் பின் வந்த அஞ்சலட்டைகளும் அதே வழி. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ‘கிளிங் பெண்’ என்று அச்சிட்ட அட்டைகளில் நிற்கும் பாட்டிமார்களின் ஊரும் பெயரும் இன்றுவரை தேடப்படுகின்றன. முகவரியும் பெயரும் இருப்பது குடும்பம் காசு கொடுத்து எடுத்த ஸ்டுடியோப் படங்களில்தான்.

பாக்தாதிக் குடும்பப் படங்களை எப்படிப் படிப்பது என்பதற்குக் கல்கத்தா நல்ல பாடம். அந்நகரைச் சேர்ந்த ஜேல் சில்லிமன் 2001இல் எழுதிய நூல், தம் குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெண்களைப் பற்றியது. அவருடைய கொள்ளுப்பாட்டி ஃபர்ஹா கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று துறைமுகங்களுக்கு இடையே வாழ்ந்தவர். பினாங்கும் அந்தக் கடல்வழியில்தான் இருக்கிறது. பின்னர் சில்லிமன், ‘ரீகாலிங் ஜூயிஷ் கல்கட்டா’ என்ற மின் காப்பகத்தை உருவாக்கினார். உலகமெங்கும் சிதறிய குடும்பங்கள் அனுப்பிய படங்களும் நினைவுக் குறிப்புகளும் அதில் சேர்ந்தன. இத்தகைய படங்களில் உடையே காலங்காட்டி. மூத்த தலைமுறை பாக்தாதின் நீண்ட அங்கியில் நிற்கும். அடுத்தது கோட்டும் டையும். பெண்கள் உடையில் மாற்றம் இன்னும் கூர்மையானது. கல்கத்தா யூதர்களின் எண்ணிக்கை 1940களில் சில ஆயிரத்தை எட்டியது. இப்போது விரல்விட்டு எண்ணலாம். அங்கே பெத் எல், மாகென் டேவிட் ஜெபாலயங்களைத் தலைமுறைகளாகக் காப்பவர்கள் முஸ்லிம் ஊழியர்கள்.

சிங்கப்பூர் யூதர்கள் கலையவில்லை. 1878இல் கட்டிய மாகெய்ன் அபோத் ஜெபாலயம் வாட்டர்லூ தெருவில் இன்றும் இயங்குகிறது. அதே வளாகத்தில் 2021இல் சிங்கப்பூர் யூதர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பினாங்கிலிருந்து நகர்ந்த குடும்பங்களின் சுவடு தேடுபவர் முதலில் போக வேண்டிய கதவு அது.

கேரளத்தில் நடந்தது இன்னொரு வகை. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களின் நடுவில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அதற்கு முன்பே, 1937இல், மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் அவர்களிடையே ஆய்வு செய்திருந்தார். ஊரைவிட்டுப் போகுமுன் வெளியாள் ஒருவர் வந்து பார்த்துப் பதிந்தது கொச்சிக்குக் கிடைத்த பேறு. பினாங்குக்கு அது கிடைக்கவில்லை. சேந்தமங்கலம் ஜெபாலயம் பழுதுபார்க்கப்பட்டு 2006இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, உள்ளே வைக்கப்பட்டது படங்களும் விளக்கப் பலகைகளும்தான். பூஜைப் பொருள் இல்லாத கோவிலில் படம் வைத்ததுபோல் முதலில் தோன்றலாம். ஆனால் அந்த மண்டபத்தில் பாடியவர்கள் யாரென்று அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிய வேறு வழியில்லை.

இதற்கு நேர்மாறான இடம் சென்னை. பதினேழாம் நூற்றாண்டில் மதராஸ் கோட்டையை ஒட்டி வாழ்ந்த போர்த்துக்கீசிய வழி யூத வணிகர்கள் வைரமும் பவழமும் வாங்கி விற்றார்கள். அவர்களில் ஒருவரான பைவா 1687இல் இறந்தார். பவழக்காரத் தெரு என்ற பெயரும் லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறு இடுகாடும் எஞ்சியுள்ளன. கேமரா பிறப்பதற்கு வெகு முன்பே அந்தச் சமூகம் மங்கிவிட்டது. அங்கே தேட முகமே இல்லை.

படங்களால் ஓர் ஊரை மீட்ட முயற்சிகளில் உலகம் அறிந்தது லிதுவேனியாவின் எய்ஷிஷோக். 1941 செப்டம்பர் 25, 26 தேதிகளில் அந்தச் சிற்றூரின் யூதர்களும் சுற்றுப்புற யூதர்களும் கொல்லப்பட்டனர். அங்கு பிறந்து தப்பிய யாஃபா எலியாக் பின்னாளில் அமெரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். அவருடைய தாத்தாவும் பாட்டியும் ஊரில் படமெடுத்தவர்கள். வெளிநாடு போன உறவினருக்கு ஊர்க்காரர்கள் அனுப்பிய படங்கள் அழிவுக்கு வெளியே இருந்தன. எலியாக் பல ஆண்டுகள் நாடு நாடாகச் சென்று சுமார் 6,000 படங்களைத் திரட்டினார். அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் படங்கள் வாஷிங்டனில் 1993இல் திறக்கப்பட்ட ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் மூன்று தள உயரக் கோபுரமாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சாவின் படங்கள் அல்ல: திருமணம், பள்ளி, பனியில் சறுக்கும் பிள்ளைகள். எலியாக்கின் பெரிய சாதனை படங்களைச் சேர்த்தது மட்டுமன்று; ஒவ்வொன்றிலும் இருப்பவர் யார் என்று உயிரோடு இருந்தவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியது.

எச்சரிக்கைக்கு ரோமன் விஷ்னியாக்கின் கதை. 1930களின் பிற்பகுதியில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களை அவர் எடுத்த படங்கள் 1983இல் பெரும்புகழ் பெற்ற நூலாக வந்தன. பிறகு ஆய்வாளர் மாயா பென்டன் மூலங்களைப் புரட்டியபோது, நூலில் இருந்த விளக்கங்கள் பல நம்பத்தகாதவை என்று தெரிந்தது. தொடர்பில்லாத இரு படங்களை அடுத்தடுத்து வைத்து விஷ்னியாக் ஒரே கதை ஆக்கியிருந்தார். படம் உண்மை, கீழே எழுதியது கதை. பினாங்கு போன்ற சிறிய சமூகத்தில் ஒரு தவறான விளக்கம் ஏறிவிட்டால் மறுக்க ஆள் கிடைப்பது அரிது.

ஆகவே ஒரு படம் கையில் கிடைத்தால் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அதன் முதுகை. ஸ்டுடியோவின் முத்திரை ஊரைச் சொல்லும். கையெழுத்துக் குறிப்பு இருந்தால் அதற்கு இரட்டை அறிவு தேவை: பாக்தாதி முதியவர்கள் அரபுப் பேச்சை எபிரேய எழுத்தில் எழுதுவார்கள். முன்பக்கத்தை மட்டும் வருடியில் பதிந்து இந்தக் குறிப்பை விட்டுவிடுவது பாதியைத் தொலைப்பதாகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பினாங்குக் காற்றில் பூஞ்சை படத்தின் மேல்படலத்தைத் தின்னும். ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பம் அதைவிடக் கேடு. அமிலமில்லாத தாள் உறை, உலர்ந்த அலமாரி, பின்புறம் மெல்லிய பென்சிலில் ஓர் எண், அந்த எண்ணுக்கு நேரே பெயர், உறவு, இடம், சொன்னவர் யார் என்ற பதிவு – இவ்வளவும் வேண்டும். சொன்னவர் யார் என்பதைப் பலர் எழுதுவதில்லை. எழுதினால்தான் முரணான இரு சாட்சிகளை எடைபோட முடியும்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களுக்கு இத்தகைய வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவோடு செய்தது. படக்கடைக்காரர்களின் வீடுகளில் கிடந்த பழைய படங்களையும் தகடுகளையும் தேடிப் பதிந்தார்கள். அவர்கள் காட்டிய வழி பினாங்குக்கு அப்படியே பொருந்தும்: குடும்பங்களைக் கேட்பதோடு நிற்காமல் படம் எடுத்தவர்களின் வாரிசுகளையும் கேட்பது.

அரசியலும் இடையில் நுழைந்தது. மலேசியா இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை. பாலஸ்தீன மக்கள்பால் இங்குள்ள உணர்வு ஆழமானது. அந்தக் கோபத்துக்கும் நாகூர் சாலையில் வாழ்ந்த கடைக்காரக் குடும்பத்துக்கும் தொடர்பில்லை என்றாலும், இடுகாடு இருக்கும் தெரு தன் பழைய பெயரான ஜாலான் யஹூடியை இழந்தது. எஞ்சியவர்கள் அடையாளத்தை அடக்கி வாசித்தார்கள். வீட்டு ஆல்பம் வெளியே வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

இன்னும் திறக்கப்படாத ஓர் இடம், யூதரல்லாதவர்களின் ஆல்பங்கள். செயின்ட் சேவியர், ஃப்ரீ ஸ்கூல், லைட் தெருக் கான்வென்ட் போன்ற நகரப் பள்ளிகளின் வகுப்புப் படங்களில் தீவின் எல்லா இனப் பிள்ளைகளும் வரிசையாக நிற்பார்கள். தீவின் மேற்குப் பக்கத்துப் பாலிக் புலாவிலிருந்து மலைப்பாதை வழியே நகரத்துக்குப் படிக்கப் போனவர்களின் வீடுகளிலும் அத்தகைய படங்கள் இருக்கும். ஜாதிக்காய், கிராம்பு வியாபாரத்துக்கு நகரத்தோடு உறவு வைத்திருந்த குடும்பங்களின் கடைப் படங்கள், கல்யாண விருந்துப் படங்கள், காற்பந்துக் குழுப் படங்கள் ஆகியவற்றையும் இந்தக் கண்ணோடு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு வரிசையில் தன் தாத்தாவின் பெயர் மட்டும் தெரிந்தவர் மற்ற பெயர்களையும் தேடத் தொடங்கினால் போதும். பக்கத்தில் நிற்பவர் கல்லறைப் பட்டியலில் இருக்கும் ஒருவராகவும் இருக்கலாம்.

பினாங்கின் கடைசி யூதர் என்று அறியப்பட்டவர் மோர்டெகாய் டேவிட் மோர்டெகாய். ஹோட்டல் மேலாளராக இருந்தவர். 2011 ஜூலையில் காலமாகி அதே இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு முன் 1970களுக்குப் பிறகு அங்கு புதிய கல்லறை எழவில்லை. பத்து ஆண்டு கழித்து, 2021இல், ஜெய்ன் கிரிகரி எழுதி ஆரிஃப் ராஃபான் ஓவியம் தீட்டிய சிறுவர் நூல் ஒன்று பினாங்கு யூதர்களைப் பற்றி வெளியானது. இடுகாட்டை இப்போது கவனித்து வருவது இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்று. பூட்டிய கதவைத் தட்டிக் கேட்பவர்களுக்கு அவர்கள் திறந்துவிடுகிறார்கள். பார்க்க வருபவர்களில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வரும் வழித்தோன்றல்கள் உண்டு. அவர்கள் கல்லைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். தங்கள் ஆல்பத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகப் பினாங்கில் இவர்களுக்கென்று ஓர் அலுவலகமோ காப்பகமோ இன்னும் அமையவில்லை.